புது வண்டி வாசனையும் என் தலைவலியும்

இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டிச் சாவியை என் மைத்துனன் கையில் கொடுப்பதில்லை. வானமே இடிந்து விழுந்தாலும் சரி, என் மனைவியே எரிந்து விழுந்தாலும் சரி. அப்படியொரு தீர்மானம் எடுத்தேன். எடுத்த இடம் குளியலறை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தேன். அதனால்தான் அவ்வளவு தைரியம்.

மைத்துனன் என்றால் என் மனைவியின் தம்பி. வீடு வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கும் தரகன். வாரமெல்லாம் ஸ்கூட்டரில் அலைவான். ஞாயிறு வந்துவிட்டால் வாடிக்கையாளரைக் காரில் வைத்துக் கூட்டிப்போனால்தான் அவனுக்கு மரியாதையாம். யாருடைய கார்? என்னுடைய கார். "பத்தே நிமிஷம் மாமா" என்று சாவியை வாங்குவான். பொழுது சாய்ந்த பிறகு கொண்டுவந்து விடுவான். சீட்டை எனக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளிவைத்திருப்பான். படுபாவி, கால் நீளம்.

அது எனக்கு வெறும் வண்டி இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டில் எனக்கென்று ஒரு நாற்காலி கிடையாது. ஃபேன் எந்த வேகத்தில் சுற்றவேண்டும் என்று என்னை யாரும் கேட்டதில்லை. நான் திருப்பினால் திரும்புகிற ஒரே ஜீவன் அந்த ஸ்டீயரிங்தான். ஆகவே தினமும் சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் குடியிருப்பின் கீழே வண்டியை நிறுத்துவேன். நிழல் கிடையாது, பொட்டல். இருந்தாலும் எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தப் புது வாசனையை நெஞ்சு நிறைய இழுப்பேன். ஆகா! பிறகு மாடி ஏறிப்போய், "கடையில ஒரே கூட்டம்" என்பேன்.

வாங்கி ஒரு வருஷம் ஆகப்போகிறது. சீட்டின் மேல் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட நான் கிழிக்கவில்லை. கிழித்தால் பழசாகிவிடாதா? உட்கார்ந்தால் சரக் சரக்கென்று சத்தம் வரும், முதுகு வேர்க்கும். இருக்கட்டும். என் மனைவி ஓட்டக் கற்றுக்கொள்ளவா என்று கேட்டபோதும், "கிளட்ச் தேஞ்சிடும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன்.

ஒரே ஒரு குறை. மாடி ஏறுவதற்குள் தலை பிளக்கும். அதற்குக் காரணம் என் மனைவியின் பேச்சுதான் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். அவள் பிறந்த வீட்டில், எல்லாரும் கூடியிருந்தபோதும் சொன்னேன். நல்ல சிரிப்பு கிடைத்தது.

நான் கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பவன். "இப்ப தெளிவா இருக்கா? இப்ப?" என்று நாள் பூராவும் கேட்கிறவன். போன வாரம் ஒருவர் கண் எரிகிறது என்று வந்தார். புதுக் கார் வாங்கியதிலிருந்து எரிகிறதாம். "வண்டிக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக், பசை, சீட்டு ஸ்பாஞ்ச் எல்லாத்துலயும் ரசாயனம் இருக்காம் சார். நெருப்புப் பிடிக்காம இருக்க ஸ்பாஞ்சுல என்னமோ கலக்கறாங்களாம். வெயில்ல சூடானா ஆவியா வருதாம். அந்தப் புது வாசனையே அதுதானாம்" என்றார். நான் அவருக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தேன். எனக்குள்ளே பளீரென்று விளக்கு எரிந்தது. ஆகா, மைத்துனனுக்கு மருந்து கிடைத்துவிட்டது!

இங்கே ஒன்று சொல்லவேண்டும். என் மனைவி பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக்கொடுக்கிறவள். அவளிடம் போய் ரசாயனத்தைக் காட்டி மிரட்டுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. விதி யாரை விட்டது?

சனிக்கிழமை சாப்பிடும்போது ஆரம்பித்தேன்.

"உன் தம்பியை நினைச்சா எனக்குச் சோறு இறங்கலை."

"ரெண்டாவது தடவை போட்டுக்கிட்டீங்களே?"

"கவலையில சாப்பிடறேன். இந்தக் கார் இருக்கே, அதுக்குள்ள முழுக்க விஷம். வாசனை இல்லை அது, விஷக்காத்து! கண்ணு எரியும், தலை வலிக்கும், வருஷக்கணக்கா இழுத்தா புற்றுநோய்கூட வரலாமாம். வெயில்ல நின்ன வண்டின்னா கேக்கவே வேணாம். அவன் வயசுப் பையன். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க அம்மா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

அவள் கையைப் பிசைவாள், "அய்யய்யோ" என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ மோரை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"இதெல்லாம் உறுதியாத் தெரியுமா?"

"என் தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்றேன்."

"தலைவலியும் வருமா?"

"பிளக்கும்!"

"சரி. தம்பி இனிமே அந்த மூடின வண்டியில ஏற வேணாம். நானே சொல்லிடறேன்."

அவ்வளவுதான். ஒரு சத்தம் இல்லை, ஒரு சண்டை இல்லை. கல்யாணமாகி முதல் தடவையாக நான் ஜெயித்தேன். படுக்கையில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துச் சிரித்தேன். "என்ன?" என்றாள். "ஒண்ணுமில்லை" என்றேன். இவள் சத்தம் போட்டால் தூறல், சும்மா இருந்தால்தான் புயல் என்பது இத்தனை வருஷத்தில் எனக்கு ஏன் உறைக்கவில்லை?

ஞாயிறு காலையில் காபியோடு பால்கனிக்குப் போனேன். கீழே என் வண்டி நான்கு கதவையும் விரித்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் தரையில் பிளாஸ்டிக் உறைகள் குவிந்து கிடந்தன. என் உறைகள்! ஒரு வருஷம் முதுகு வேர்க்க நான் கட்டிக்காத்த உறைகள்! என் மனைவி முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு டாஷ்போர்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் தம்பி பின்சீட்டுக் கால்மிதியை உதறிக்கொண்டிருந்தான்.

விழுந்தடித்து ஓடினேன்.

"என்னடி இது!"

"நீங்க சொன்னதுதான். அந்தச் சங்கதியெல்லாம் தூசியிலயும் ஒட்டியிருக்கும், ஈரத்துணியாலதான் துடைக்கணும். கிட்ட வராதீங்க."

"இவன் ஏன் இங்க இருக்கான்? இவனுக்குத்தானே ஆபத்து?"

"இவனுக்கு என்ன ஆபத்து? வாரம் ஒரு நாள், அதுவும் எல்லாக் கண்ணாடியையும் இறக்கிட்டு ஓட்டறான். நீங்கதான் தூசி வரும்னு இறக்கவே மாட்டீங்க. தினமும் இந்தப் பொட்டல் வெயில்ல, மூடின வண்டிக்குள்ள முக்கால் மணி நேரம் உக்காந்திருக்கீங்க."



"அது... கடையில கூட்டம்..."

"நம்ம பால்கனி எங்க இருக்குன்னு நினைச்சீங்க? வண்டி வந்த நாள்லேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பாவம், ஏதோ நிம்மதியா இருக்காருன்னு விட்டேன்." துணியை வாளியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "ஆனா மேல வந்து, என் பேச்சாலதான் தலைவலின்னு சொன்னீங்க. எங்க அம்மா வீட்டுல அத்தனை பேர் முன்னாடியும் சொன்னீங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் நிஜமாவே நான் ரொம்பப் பேசறேனோன்னு எவ்வளவு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கேன் தெரியுமா?"

தெரியாது. அந்த நாட்களில் அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்திருந்தேன். மனசு சுருக்கென்றது. ஆனாலும் வண்டி என் வண்டி அல்லவா? கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"இதோ பாரு, அந்த விஷம் கிஷம் எல்லாம் அவ்வளவு ஒண்ணும் பயப்படற மாதிரி இல்லை. நான் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்."

"அப்போ நேத்துச் சத்தியம் பண்ணினது பொய்யா, இல்லை இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை மறைக்கிறானாம்.

"இந்த வண்டி இனிமே நிழல்ல நிக்கணும்" என்றாள். "தம்பி வீட்டுல கூரை போட்ட ஷெட்டு சும்மாத்தானே கிடக்கு? அங்க நிக்கட்டும். தினமும் ஜன்னலைத் திறந்துவிட்டு ஓட்டி அவன் காத்து வாங்கவைப்பான். நீங்க கொஞ்ச நாளைக்கு பஸ்ல போங்க."

"கஷ்டம்தான் மாமா" என்றான் அந்தப் பாவி. "ஆனா உங்களுக்காக இதுகூடச் செய்யலைன்னா எப்படி?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது அதற்கும் கீழே. தவளையாவது மழைக்குக் கத்துகிறது.

அந்த வாரம் முழுக்க பஸ். ஒருவர் தோளில் என் மூக்கு, என் தோளில் இன்னொருவர் மூக்கு. சாயங்காலம் இறங்கினால் உட்காரப் போக்கிடம் இல்லை. நேரே மாடி ஏறினேன். அவள் பேசினாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி, பால்காரனைப் பற்றி, மாடிவீட்டுக் குழாயைப் பற்றி மூச்சு விடாமல் பேசினாள். நானும் கேட்டேன். வேறு வழி?

ஆனால் ஒரு விபரீதம் நடந்துவிட்டது. வாரத்தின் நடுவிலேயே என் தலைவலி போய்விட்டது. நெற்றியை அமுக்கிப் பார்த்தேன், தலையை ஆட்டிப் பார்த்தேன். ஊகூம், வரவில்லை. ஒரு மனிதனுக்கு அவன் தலைவலிகூடத் துணைக்கு நிற்காவிட்டால் அவன் யாரிடம் போய் முறையிடுவது?

சனிக்கிழமை காலை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். நல்ல கூட்டம். தூரத்தில் ஒரு வண்டி குதித்துக் குதித்து வந்தது. என் வண்டி. எல்லாக் கண்ணாடியும் இறக்கியிருந்தது. பக்கத்து சீட்டில் மைத்துனன் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தான். ஸ்டீயரிங்கில் என் மனைவி. கிளட்ச் கதறிய கதறல் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டது. சரியாக என் முன்னால் வந்து நின்றாள்.

ஏறச் சொல்லப்போகிறாள் என்று கதவில் கை வைத்தேன்.

"தலைவலி எப்படி இருக்கு?" என்றாள்.

யோசித்தேன். இருக்கிறது என்றால், விஷம் இன்னும் இறங்கவில்லை, பஸ்ஸிலேயே போங்கள் என்பாள். இல்லை என்றால், வண்டிதான் காரணம், பஸ்ஸிலேயே போங்கள் என்பாள். எப்படிச் சொன்னாலும் பஸ். சரி, உண்மையையாவது சொல்வோம்.

"போயிடுச்சு."

"இந்த ஒரு வாரமா நான் ஒரு வார்த்தையாவது குறைச்சுப் பேசினேனா?"

"இல்லை."

"அப்போ இத்தனை நாளும் அது எதனால வந்த தலைவலி?"

"வண்டியால" என்றேன் மெதுவாக.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. தம்பிக்குக் கேக்கலையாம்."

"வண்டியாலதான்! உன் பேச்சால இல்லை!"

பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்த்தது. அவள் முகம் மலர்ந்தது. கல்யாணத்தன்று பார்த்த முகம். நான்கூட ஒரு நொடி சந்தோஷப்பட்டுவிட்டேன்.

"பஸ்ல ஜன்னலோரமாப் பாத்து உக்காருங்க, நல்ல காத்து வரும்" என்று சொல்லிவிட்டுக் கிளட்சை விட்டாள். வண்டி ஒரு குதி குதித்துவிட்டுப் போயே போய்விட்டது.

பின்னாலேயே பஸ் வந்தது. ஜன்னலோரம் என்ன, படியில்கூட இடம் இல்லை.