நார்பர்ட் பார்த்தால் தோற்கும்

"இன்னியோட முடிஞ்சுது! இனிமே இந்த டீமுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விட மாட்டேன்!" என்று நார்பர்ட் கயேவ்ஸ்கி சபதம் செய்தார். சபதம் செய்யும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் நண்பர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பஃபலோ பைலட்ஸ் கூடைப்பந்து டீம் தொடர்ந்து ஒன்பதாவது மேட்சைத் தோற்றிருந்தது. வெளியே ஏரிக்காற்று பனியை வாரி வாரி ஜன்னலில் அடித்தது. உள்ளே, நார்பர்ட் வீட்டு நிலவறையில், டிவிக்கு முன்னால் மூன்று பேர் இழவுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். இழவு வீட்டில்கூட செத்தவன் ஒரு தடவைதான் சாவான். பைலட்ஸ் வாரத்துக்கு மூன்று தடவை செத்தது.

"கோச்சைத் தூக்கணும்யா," என்றார் பக்கத்து வீட்டு கிளைட். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் இதையேதான் சொல்வார். வருஷா வருஷம் கோச்சையும் தூக்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

"கோச் என்னய்யா பண்ணுவான்? கூடையும் இருக்கு, பந்தும் இருக்கு, ரெண்டும் சந்திக்கவே மாட்டேங்குது! முதல்ல அந்த நெட்டைப் பயலை வித்துத் தொலைக்கச் சொல்லு," என்றார் முடிதிருத்தும் சால்.

நெட்டைப் பயல் என்றால் ஹார்லன் டியூப்ரே. ஏழடி. ஊரில் அவனுக்குக் கலங்கரை விளக்கம் என்று பெயர். ஒரே இடத்தில் உயரமாக நிற்பான், தலையை மட்டும் திருப்புவான், எதிரணிக்காரர்கள் எல்லோரும் பத்திரமாகக் கரை போய்ச் சேர்வார்கள்.

"ரெண்டு பேரும் சும்மா இருங்கய்யா," என்றார் நார்பர்ட். "இதுக்கு ஒரே வழிதான். எல்லா மேட்சையும் தோத்துடணும். கடைசி இடத்துக்கு வர்ற டீமுக்குத்தான் அடுத்த வருஷம் புதுப் பசங்கள்ல நல்லவனா முதல்ல பொறுக்க விடுவாங்க."

"அதான் நடந்துகிட்டிருக்கே?" என்றார் சால்.

"எங்க நடக்குது? தோக்கறதுலகூட இவனுங்க கடைசியா வர மாட்டேங்கறானுங்க! நமக்குக் கீழே இன்னும் மூணு டீம் இருக்கு!"

"அடுத்த வருஷம்னு ஒண்ணு இருந்தாத்தானே," என்றார் கிளைட்.

டீமின் முதலாளி போன வாரம்தான் பேட்டி கொடுத்திருந்தான். இந்த வருஷமும் பிளேஆஃப் என்கிற இறுதிச் சுற்றுக்குப் போகாவிட்டால், டீமைப் பாலைவனத்துப் பக்கம் நல்ல வெயிலடிக்கிற ஊராகப் பார்த்துக் கொண்டுபோய்விடுவானாம். நார்பர்ட்டுக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அவர் வேலை பார்த்த மாவு மில் போய்விட்டது. மகள் போய்விட்டாள். பல்லில் பாதி போய்விட்டது. இந்த ஊரை விட்டுப் போகாமல் இருப்பது பனி ஒன்றுதான். டீமும் போய்விட்டால் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மனிதன் எதைப் பற்றிப் புலம்புவது?

அப்போதுதான் லொரெய்ன் அழுக்குத் துணிக் கூடையோடு படியிறங்கி வந்தாள். நார்பர்ட்டின் மனைவி. மேட்ச் என்றாலே வேப்பெண்ணெய் குடித்த முகம் காட்டுகிறவள். அவர்கள் பக்கம் திரும்பாமலே காலுறைகளைச் சுருட்டிச் சுருட்டித் துணி துவைக்கிற இயந்திரத்துக்குள் வீசினாள். ஒன்றுகூடக் குறி தப்பவில்லை. டியூப்ரே பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பான்.

"கோச்சும் இல்ல, நெட்டையனும் இல்ல," என்றாள். "பிரச்னை இவருதான்."

"நானா? நான் என்னடி பண்ணினேன்?"

"பாக்கறீங்களே, அதான். பல்லு பிடுங்கப் போனீங்களே, அன்னிக்கு ஜெயிச்சாங்க. எங்கக்கா வீட்ல குழாய் வெடிச்சு வாளியோட ஓடினீங்களே, அன்னிக்கும் ஜெயிச்சாங்க. நீங்க உக்காந்து பாத்து ஜெயிச்ச மேட்ச் ஒண்ணு சொல்லுங்க பாப்போம்."

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். இவர்கள் சிரிக்கவில்லை. கிளைட் ஒரு ஜோடி ராசிக் காலுறையை மூன்று வருஷமாகத் துவைக்காமல் வைத்திருக்கிறவர். சால் முடிதிருத்துகிறவராக இருந்தும், டீம் ஜெயித்துக்கொண்டிருக்கும்போது தன் தாடியில் கை வைக்க மாட்டார். ஜெயிக்கும்போது எதையும் மாற்றக்கூடாது, தோற்கும்போது ஏதாவது ஒன்றை மாற்றியே ஆக வேண்டும். இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் இது.

இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பி நார்பர்ட்டைப் பார்த்தார்கள்.

"யோவ், தங்கச்சி சொல்றதுல விஷயம் இருக்குய்யா," என்றார் கிளைட்.

"நீங்களுமா!"

"ஒரு மேட்ச். ஒரே ஒரு மேட்ச் பாக்காம இருந்து பாரேன். நம்ம டீமுக்காக."

வியாழக்கிழமை லொரெய்ன் அவர் கையில் உப்புக் காகிதத்தைக் கொடுத்தாள். "சும்மாவா இருக்கப் போறீங்க? மாடிப்படிக் கைப்பிடியைத் தேய்ச்சு வையுங்க." அவர் தேய்த்தார். கீழே இருந்து கூச்சல் வந்தது. பைலட்ஸ் ஜெயித்துவிட்டது! கிளைட் மேலே ஓடி வந்து அவரைக் கட்டிப்பிடித்து, "நீ ஒரு மகான்யா!" என்று முத்தமே கொடுத்துவிட்டார். மகானின் மூக்கு முழுக்க மரத்தூள்.

சனிக்கிழமை லொரெய்ன், "பாவம், இன்னிக்கு நீங்களும் பாருங்களேன்," என்றாள். பார்த்தார். இருபத்தைந்து புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். எழுந்து போகும்போது சால் குட் நைட்கூடச் சொல்லவில்லை.

அதன் பிறகு யாரும் வாதம் செய்யவில்லை. அவர் சமையலறை அலமாரிக்குப் பெயிண்ட் அடித்தார், டீம் ஜெயித்தது. ஜன்னல் சட்டங்களை மாற்றினார், ஜெயித்தது. நடுவில் ஒரு நாள் நாற்காலியில் உட்கார்ந்தார், மண்ணைக் கவ்வியது. ஒரே ஒரு தடவை அவர் கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோதே டீம் தோற்றது. நார்பர்ட் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தார்.

"பாத்தியா! நான் பாக்கவே இல்ல, தோத்துட்டானுங்க!"

"ரேடியோ கேட்டீங்களா?" என்றாள் லொரெய்ன்.

"இல்லையே."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

"ஸ்கோர் மட்டும்... லேசா... ஒரு தடவை..."

"அதானே பாத்தேன்."

இன்னொரு நாள் அவர் பார்த்தபோதே ஜெயித்தது. அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. "நடுவுல குறட்டை விட்டீங்களே, அப்பத்தான் நம்ம ஆளுங்க முன்னால போனாங்க." கிளைட் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

அந்த வருஷம் பைலட்ஸ் ஆடுகிற கிழக்குப் பிரிவில் எல்லா டீமும் தடுமாறிக்கொண்டிருந்தது. அதனால் பைலட்ஸ் தவழ்ந்து தவழ்ந்தே பிளேஆஃப் வாசல் வரைக்கும் வந்துவிட்டது. ஊரே குதூகலித்தது. நார்பர்ட் மட்டும் குதூகலிக்கவில்லை. வாழ்நாளெல்லாம் காத்திருந்த வெற்றிகள் காலடியில் நடந்துகொண்டிருக்க, அவர் மேலே முட்டி போட்டுக் குளியலறைக்கு டைல் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு கூடை விழுவதைக் கண்ணால் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று அவருக்கு அழுகை அழுகையாக வந்தது. டீம் ஊரில் தங்கட்டும், அது போதும் என்று தன்னையே தேற்றிக்கொள்வார்.

அப்படித் தேற்றிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், தரையோரம் இருந்த ஓட்டையிலிருந்து குரல் கேட்டது. சமையலறையிலிருந்து சூடான காற்று மேலே வருவதற்கான குழாய் அது. அந்த வீட்டில் அது காற்றைவிடப் பேச்சைத்தான் நன்றாகக் கொண்டுவரும். லொரெய்ன் அவள் அக்காவோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ அக்கா, ராசியாவது மண்ணாங்கட்டியாவது! இன்னிக்கு வந்திருக்கறவங்க நேத்து டென்வர்ல ஆடிட்டு, விமானம் ஏறி, விடியக்காலையில இங்க வந்து இறங்கியிருக்காங்க. அவங்களுக்குக் காலு எங்க தூக்கும்? அப்படி அசந்துபோய் வர்ற டீமாப் பாத்து இவருக்கு வேலை குடுப்பேன். நாலு நாள் நல்லாத் தூங்கி எழுந்து வர்றவங்கன்னா, 'பாவம், போய்ப் பாருங்க'ன்னு விட்டுடுவேன். துணி தேய்க்கும்போது ரேடியோ கேக்கறேனே, இதுகூடவா தெரியாது? முப்பது வருஷமா இதையே கட்டிகிட்டு அழறாங்க மூணு பேரும், யார் எங்கேயிருந்து வர்றாங்கன்னு ஒரு நாளாவது யோசிச்சிருப்பாங்களா? கோச்சாம், நெட்டையனாம்! என்னது? உங்க வீட்டுக்காரருக்கு ஐஸ் ஹாக்கிப் பைத்தியமா? அட, அதுக்கும் இதே மருந்துதான் அக்கா. முதல்ல கராஜைக் கழுவச் சொல்லுங்க."

நார்பர்ட் கையிலிருந்த டைல் கீழே விழுந்து உடைந்தது. கைப்பிடி, அலமாரி, ஜன்னல், குளியலறை! ஒரு வீட்டையே புதுப்பித்திருக்கிறாரே, மனுஷன்! சிமென்ட் கையோடு தடதடவென்று நிலவறைக்கு இறங்கினார்.

"நிறுத்துங்கய்யா! எல்லாம் பித்தலாட்டம்! எனக்கும் தோல்விக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல! அவ நம்மள ஏமாத்தறா! களைச்சுப்போன டீமாப் பாத்துப் பாத்து..."

"வெளியே போய்யா! பன்னெண்டு புள்ளி முன்னால இருக்கோம்!" என்று சால் அலறினார்.

"சொல்றதக் கேளுய்யா! என் காதால கேட்டேன்!"

டிவியில் டியூப்ரே பந்தைக் கோட்டைவிட்டான். எதிரணிக்காரன் ஓடிப் போய்ப் போட்டான். மறுபடி போட்டான். மறுபடியும் போட்டான்.

"ஐயோ, பாக்கறான், பாக்கறான்! அவன் கண்ணைப் பொத்து!"

கிளைட் பாய்ந்து வந்து உண்மையிலேயே கண்ணைப் பொத்தினார். "நார்பர்ட், நீ சொல்றது நூத்துக்கு நூறு நிஜமாவே இருக்கட்டும்யா. ஆனா இது பரிசோதனை பண்ணிப் பாக்கற நேரமா? உன் கால்ல விழறேன், மேல போய் டைல் ஒட்டு!"

பரிதாபம் என்னவென்றால், அந்த மூன்று கூடைகளைப் பார்த்ததில் நார்பர்ட்டுக்கே உள்ளூரக் கொஞ்சம் நடுங்கிவிட்டது. பேசாமல் மேலே போய் டைல் ஒட்டினார். பைலட்ஸ் ஜெயித்தது.

கடைசி மேட்ச் ஞாயிற்றுக்கிழமை மதியம். ஜெயித்தால் பிளேஆஃப், டீம் ஊரில் தங்கும். தோற்றால் பாலைவனம். வந்திருப்பது பாஸ்டன். பட்டியலில் முதலிடம். ஏற்கெனவே இடத்தைப் பிடித்துவிட்டவர்கள் கடைசி மேட்சில் பெரிய ஆட்டக்காரர்களை உட்கார வைத்துவிட்டுப் பொடியன்களை இறக்குவது வழக்கம். வாரம் முழுக்க ஊரில் அதே பேச்சு. "பாஸ்டன் கோச் உக்கார வைப்பான்யா," என்றார் கிளைட். "வைக்க மாட்டான், அவன் கல்நெஞ்சக்காரன்," என்றார் சால்.

நார்பர்ட் இந்த வாதத்தில் கலந்துகொள்ளவில்லை. அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. அவர் ஒட்டிய குளியலறையில், அவர் மாட்டிய கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒத்திகையே பார்த்துவிட்டார். லொரெய்னின் ரகசியம்தான் தெரிந்துவிட்டதே! அவள் வேலை சொன்னால் டீம் ஜெயிக்கப் போகிறது என்று அர்த்தம். சொல்லட்டும். சொன்ன மறு நிமிஷம், "முடியாது!" என்று ஆண்பிள்ளையாக மறுத்துவிட்டு, நேராகக் கீழே போய், தன் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, ஜெயிப்பதைக் கண்குளிரப் பார்த்துவிட வேண்டியது. முப்பது வருஷத்தில் இப்படி ஒரு யோசனை அவருக்கு வந்ததில்லை.

மேட்ச் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார். லொரெய்ன் காரக் கோழி இறக்கைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ரேடியோ அப்போதுதான் அணைக்கப்பட்டிருந்தது.

"லொரெய்ன்! நல்லாக் கேட்டுக்க! இன்னிக்கு நீ என்ன வேலை சொன்னாலும்..."

"நான் ஒண்ணும் சொல்லலையேங்க."

நார்பர்ட்டின் நெஞ்சு ஒரு அங்குலம் இறங்கியது.

"இல்ல... குளிருக்குப் பரண்ல பஞ்சு அடைக்கணும்னியே?"

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"கூரை ஓரத்துல தண்ணிக் குழாய் தொங்குதே?"

"தொங்கட்டும்."

தட்டை அவர் கையில் கொடுத்தாள். எலும்பில்லாத துண்டுகளாகப் பார்த்து, அவருக்குப் பிடித்த மாதிரி தொட்டுக்கொள்ளப் பாலாடைக்கட்டிக் குழம்பும் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"பாஸ்டன்காரன்... பெரிய ஆளுங்களை உக்கார வைக்கலையா?"

அவள் முகத்தைத் திருப்பி, ஏற்கெனவே துடைத்த மேடையை இன்னொரு தடவை துடைத்தாள்.

"லொரெய்ன், ஒரு ஆணியாவது அடிக்கறேனே! கெஞ்சிக் கேக்கறேன். ஒரே ஒரு ஆணி!"

அவள் அவர் தோளில் கையை வைத்து, நிலவறைப் படியின் பக்கம் மெல்லத் திருப்பிவிட்டாள்.

"இன்னிக்கு வேலையே இல்லீங்க. போய் மேட்ச் பாருங்க."