கூரையில் ஒட்டிய கூந்தல்

வீட்டுக்கு யாராவது வந்தால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிற ரகம் நான். (இந்த வயதிலும் அப்படித்தான்.) அந்தக் கூச்சம்தான் ஒருநாள் என் தலையை ஒரு வண்டியின் கூரையோடு சேர்த்து ஒட்டியது.

தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூர் அடுகோடியில் எங்கள் வீட்டுக்காரர் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை, கடை வாசலில் ஒரு வீடு வந்து நின்றது. சக்கரம் வைத்த வீடு! உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, கக்கூஸ்கூட உண்டு. ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் எத்தனையோ நாடு தாண்டி அதை ஓட்டி வந்திருந்தார்கள். கூரையில் ஒட்டியிருந்த ரெக்ஸின் மட்டும் கட்டிலுக்கு மேலே பிரிந்து, மழைத்தண்ணீர் தேங்கிய பந்தல் துணி மாதிரி தொங்கியது. மறுநாள் சென்னைத் துறைமுகத்தில் அந்த வண்டியைக் கப்பலேற்றியாக வேண்டுமாம்.

வீட்டுக்காரர் ரெக்ஸினை ஒரு பக்கம் பிரித்து, உதிர்ந்துபோன ஸ்பாஞ்சைச் சுரண்டி, கூரையிலும் ரெக்ஸினிலும் ஒட்டுகிற சொல்யூஷன் தடவிவிட்டு, உதவிக்கு என்னைக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் காயணும் கமலா. அதுவரைக்கும் இதப் புடிச்சிட்டு நில்லு. மேலயும் கீழயும் சேரவே கூடாது" என்று இறங்கிப் போனார்.

கட்டில்மேல் நின்று நான் அதிசயம் பார்த்துக்கொண்டிருந்தேன். உப்பு டப்பா சாயாமலிருக்க ஒரு குட்டிக் கம்பி! அந்த உப்பு எத்தனை கடலைப் பார்த்திருக்கும்! நாலாவதோடு படிப்பை நிறுத்திய நான் ஓசூரைக்கூடத் தாண்டியதில்லை.

அப்போது, "ஹலோ!" என்று அந்த வெள்ளைக்காரர் உள்ளே ஏறினார்.

ஒளிய ஒரு கதவில்லை. கையிலிருந்த ரெக்ஸினுக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன்.

அவர் கண்ணுக்குத் தெரிந்தது, கட்டில்மேல் தலையில்லாமல் நிற்கும் ஒரு புடவை! அவர் அலறினார். அந்த அலறலில் என் கை பதறி, மேலும் கீழும் சேர்ந்துவிட்டது. நடுவில், தலைக்குக் குளித்து விரித்துவிட்டிருந்த என் முடி.

வீட்டுக்காரர் ஓடிவந்தார். "அடிப்பாவி! சேரக் கூடாதுன்னு சொன்னேனே!"

"நான் சேரலீங்க. முடிதான் சேர்ந்துடுச்சு."

அவர் பின்னாலேயே ஏறிவந்த வெள்ளைக்கார அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சமையல் கத்தியை எடுத்துத் தன் கூரையையே கிழிக்க வந்தாள்! அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்த என் மகள் ரேவதி, சத்தம் கேட்டு ஓடிவந்து மொழிபெயர்த்தாள்: "இவ்ளோ அழகான முடிய வெட்டக் கூடாதாம்மா. ரெக்ஸின் போனா போகட்டுமாம்."

"ஐயோ, இந்த ரெக்ஸின் பெங்களூர்லயே கிடைக்காது!" என்றார் வீட்டுக்காரர்.

முன்பின் தெரியாதவள் முடிக்காக வீட்டைக் கிழிப்பாளா ஒருத்தி?

அந்நிய ஆண் எதிரில் வாயே திறக்காத நான் கத்தினேன்: "முடிய வெட்டுங்க! முடி வளரும், ரெக்ஸின் வளருமா?"

கடைக் கத்தரிக்கோல் 'கறுக்' என்றது. உள்ளே சிக்கிய முடியால் எலுமிச்சம்பழ அளவுக்குக் கூரையில் ஒரு புடைப்பு நின்றுவிட்டது. வண்டி நேரத்துக்குக் கிளம்பியது. (பக்கத்து வீட்டில், "திருப்பதில பாதி வேண்டுதலா?" என்று கேட்டார்கள்.)

சில மாதம் கழித்து ஒரு போட்டோ வந்தது. அதே கூரை, புடைப்பைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம். பின்னால் எழுதியிருந்ததை ரேவதி படித்தாள்: "உங்கள் முடி இன்று பனியில் பயணம் செய்தது."

அந்தப் போட்டோவை சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

இப்போதும் விமானம் ஏறப்போகிறேன் என்று யார் எங்கள் வீட்டுக்கு விடைபெற வந்தாலும், நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன். ரேவதி வழியனுப்புவாள்:

"போற எடத்துல எங்கம்மா முடிய பாத்தா, விசாரிச்சேன்னு சொல்லு!"