ஐஸ் அண்ணனின் ரேஸ் கார்

கோபத்தில் காரை உடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அஜாக்கிரதையால் உடைத்தவர்கள் எக்கச்சக்கம். பாசத்தால் மட்டுமே ஒரே காரைத் திரும்பத் திரும்ப உடைத்தவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் ஐஸ் அண்ணன்.

பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பத்தில் அவருக்கு ஒரு நண்டு கம்பெனி. ஏரியில் பிடித்த நண்டையும் இறாலையும் வாங்கி, ஐஸ் போட்டுச் சென்னைக்கு அனுப்புவது தொழில். நான் அங்கே மேனேஜர். பெரிதாக ஏதும் நினைத்துவிடாதீர்கள். எடை போடுவது, ஐஸ் உடைக்க ஆள் தேடுவது, ஆள் வராவிட்டால் நானே உடைப்பது, டிரைவர் வராவிட்டால் லாரியை ஓட்டுவது எல்லாம் சேர்ந்ததுதான் அந்த உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. அந்த ஒரு நாளையும் அண்ணனின் கார் தின்றுவிட்டது.

சென்னையில் யாரோ ஓட்டிச் சலித்து விற்ற நீல நிற ரேஸ் ரகக் கார் அது. எஞ்சினின் இழுவை நாலு சக்கரத்துக்கும் போகும். வாங்கி வந்த அன்று குப்பமே கூடி நின்று பார்த்தது.

"இன்னா நைனா, தரையோட தரையா கீது? நண்டுக் கூடைய எங்க வெப்ப?" என்று கேட்டார் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர்.

"இது கூடைக்கு இல்லபா. ரேஸுக்கு. நாலு சக்கரமும் இழுக்கும்" என்றார் அண்ணன்.

"அப்ப நம்ம போட்டை இழுக்குமா?"

அண்ணன் காரைத் துடைக்கத் துணி எடுக்க உள்ளே போய்விட்டார். எங்கள் ஊரில் எந்த வண்டியைக் காட்டினாலும் முதல் கேள்வி அதுதான்.

சென்னைக்கு அந்தப் பக்கம் ஒரு ரேஸ் டிராக் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஆசை தீர ஓட்டலாம். முதல் தடவை அண்ணன் ஓட்டியதைக் குறை சொல்ல மாட்டேன், மனுஷன் பறந்தார். ஓட்டி முடித்து நிறுத்தியபோது பிரேக் தட்டெல்லாம் சிவந்து, அடியில் எண்ணெய் வறுபடும் வாசனை வந்தது. இறங்கியவர் என்னைப் பார்த்து, "மேனேஜரு, தண்ணி" என்றார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று பாட்டிலை நீட்டினேன். "எனக்கு இல்லய்யா, அதுக்கு" என்று டிக்கியில் இருந்து கேனை எடுத்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கடலுக்குப் போய்த் திரும்பிய போட் எஞ்சினுக்கு உடனே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்பு அரித்துவிடும். எஞ்சினைக் கழுவாமல் வீட்டுக்குப் போகிறவனுக்குக் குப்பத்தில் பெண் கொடுக்க மாட்டார்கள். அண்ணன் அந்த வழக்கத்தில் வளர்ந்தவர். ஓடிக் களைத்து வந்த காரைக் குளிப்பாட்டாமல் விட அவருக்கு மனசு வரவில்லை. கேனைக் காரின் அடியில் சாய்த்தார். குப்பென்று ஆவி எழுந்து அண்ணனே கண்ணுக்குத் தெரியாமல் போனார். டிராக் ஆட்கள் தீயணைக்கும் சிலிண்டரோடு ஓடி வந்தார்கள்.

"இன்னாத்துக்கு ஓடியாறீங்க? குளிக்கிற நேரத்துல" என்று ஆவிக்குள் இருந்து குரல் வந்தது.

அடுத்த ஞாயிறு பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரன்ஷியல் பெட்டி ஊளையிட்டது, பிறகு மொத்தமாக நின்றது. ஒர்க்‌ஷாப்பில் அதைத் திறந்தபோது பால் டீ நிறத்தில் எண்ணெய் கொட்டியது. அங்கிருந்த எஞ்சினியர் பொறுமையாக விளக்கினார். கொதிக்கிற பெட்டியின் மேல் சட்டென்று தண்ணீரை ஊற்றினால் உள்ளே காற்று சுருங்கும், காற்றுப் போக இருக்கும் சின்னக் குழாய் வழியே தண்ணீரை உறிஞ்சிவிடும். எண்ணெயில் தண்ணீர் கலந்தால் பல்சக்கரம் காலி.

அண்ணன் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். வெளியே வந்ததும் சொன்னார்: "தண்ணின்னா தானே உள்ள போவும். ஐஸ் கட்டி போவாதுல்ல?"

அப்படித்தான் அவர் ஐஸ் அண்ணன் ஆனார். நண்டுப் பெட்டி நிறைய ஐஸ் டிராக்குக்குப் போனது. கொழுத்த மீனுக்குப் போடுவதுபோல் டிஃப்ரன்ஷியலைச் சுற்றி ஐஸ் அடைத்துச் சாக்கால் கட்டினார். ஐஸ் கரைந்தால் தண்ணீர் என்பதை ஐஸில் புரளும் ஒரு மனுஷன் மறந்தது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மறுபடியும் பால் டீ.

பிறகு டயர் விவகாரம். பின்னால் ஒரு டயர் கிழிந்தது. லாரிக்குச் செய்வதுபோல் அந்த ஒன்றை மட்டும் புதிதாக மாட்டினார். நாலு சக்கரமும் இழுக்கும் காரில் தேய்ந்த மூன்றைவிட ஒரு டயர் மட்டும் உயரமாக இருந்தால், வண்டி நேராகப் போகும்போதும் முன் பின் சக்கரங்களை நடுவில் சேர்க்கிற இணைப்பு, அவற்றுக்குள் பஞ்சாயத்து பண்ணிக்கொண்டே இருக்குமாம். டிராக்கில் அது பஞ்சாயத்து பண்ணிப் பண்ணிக் கருகியது. "ஒண்ணு புதுசா கீதுன்னு மத்த மூணும் பொறாமப்படுது" என்றார் அண்ணன்.

ஒவ்வொரு தடவையும் காரை வீட்டுக்குக் கொண்டுவந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? இந்த ரகக் காரை முன் பக்கம் தூக்கி இழுத்தால், உருளும் பின் சக்கரம் உள்ளே மிச்சம் இருப்பதையும் கெடுத்துவிடும். முழுசாக மேலே ஏற்ற வேண்டும். ஆகவே நண்டு லாரியை எடுத்துக்கொண்டு காலையிலேயே நானும் கூடப் போய்விடுவேன். பலகை போட்டு, கயிறு கட்டி, முதுகு கொடுத்து ஏற்றுவேன். காரில் நண்டு வாசனை நிரந்தரமாகக் குடியேறியது. என் முதுகில் வலி குடியேறியது.

கடைசியில் அண்ணனின் மனைவி அமலா அக்கா வாசலில் நின்றார். கம்பெனியில் அண்ணன் முதலாளி, அக்கா முதலாளிக்கு முதலாளி.

"இந்தப் பேஜாரு போதும்யா. வர ஞாயித்துக்கிழமை கடைசி சான்ஸ். அது சொந்தச் சக்கரத்துல வூட்டுக்கு வரணும். லாரி மேல வந்துச்சுன்னு வெச்சுக்க, மறுநாளே வித்துருவேன். மேனேஜரே, நீ தான் சாட்சி."

அண்ணன் அன்று சாப்பிடவில்லை. எனக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. இன்னும் ஒரே ஒரு ஞாயிறு.

அந்த ஞாயிறு அண்ணன் வேறு மனுஷனாக இருந்தார். நாலு டயரும் ஒரே செட். புறப்படும்போது க்ளட்சைச் சட்டென்று விட்டு வண்டியைத் துள்ள வைக்கவில்லை. கொஞ்சம் ஓட்டுவார், கடைசிச் சுற்றை மெதுவாக உருட்டிச் சூடு தணித்துக்கொண்டு வருவார். தண்ணீர் இல்லை, ஐஸ் இல்லை. நிறுத்தியதும் பனை விசிறியை எடுத்துக் காருக்கு வீசிக்கொண்டு உட்கார்ந்தார். சுற்றி நின்றவர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. கார் ஒரு முனகல்கூட இல்லாமல் டிராக்கை முடித்துவிட்டுச் சாலைக்கு வந்தது. நான் காலி லாரியில் பின்னாலேயே வந்தேன். ஊருக்குச் சற்று முன்னால் இருக்கும் திருப்பாலைவனம் தாண்டியதும் அண்ணன் ஜன்னல் வழியே கையை நீட்டி ஆட்டினார். என் லீவு நாள்கள் போயே போய்விட்டன என்று தெரிந்தது.

ஊருக்குள் நுழையும் முன் வளைவில், ரிப்பேருக்குப் போயிருந்த ஒரு ஃபைபர் போட்டைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் ஈர மணலில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஏரியில் கையால் தடவி இறால் பிடித்துவிட்டுக் கூடையோடு திரும்பிய பெண்களும் ஆளுக்கொரு கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டி அசையவில்லை.

"ஐஸண்ணே, நாலு சக்கரம் இழுக்கும்னியே" என்றது ஒரு குரல்.

நான் லாரியில் இருந்து கத்தினேன்: "அண்ணே, வாணாம். நான் லாரில இழுக்கறேன்."

"நீ மணல்ல எறங்கினா நீயும் மாட்டிக்குவ" என்றார். அது உண்மைதான். மாட்டிக்கொண்ட போட்டைத் தாண்டிக்கொண்டு போக எங்கள் ஊரில் யாருக்கும் கால் வராது, அதுவும் உண்மைதான். கயிறு கட்டினார். கார் உறுமியது, போட் அசைந்தது, மேலே ஏறியது. கூடவே வெந்த ரப்பர் வாசனை கிளம்பியது. க்ளட்ச் போய்விட்டது. டயர் வழுக்கியிருந்தால் டயரோடு போயிருக்கும். நாலும் மணலைக் கவ்விக்கொண்டதில் அத்தனை பாரமும் க்ளட்ச் மேல் இறங்கிவிட்டது.

அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எல்லோரும் என் லாரியைப் பார்த்தார்கள். அவர் மட்டும் பார்க்கவில்லை.

பலகையை இறக்கினால் போதும். நாளையே கார் விலை போகும். என் ஞாயிற்றுக்கிழமைகள், என் முதுகு, மதியத் தூக்கம் எல்லாம் எனக்கே திரும்பும். உண்மையிலேயே களைத்துப் போயிருந்தேன். லாரியைச் சாலை ஓரமாக ஒதுக்கிப் பூட்டினேன். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு காரின் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தேன்.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. நம் போட்டுக்குத் தோள் கொடுத்தவனுக்கு நாமும் தோள் கடன்பட்டவர்கள் என்பது இங்கே சொல்லித் தெரிவதில்லை. போட்டுக்காரர்கள் வந்தார்கள், கூடையை இறக்கிவிட்டுப் பெண்கள் வந்தார்கள். போட்டைக் கரையேற்றுகிற அதே குரல் கொடுத்து, கடைத்தெரு வழியாகக் கோட்டைக்குப்பம் வரை தள்ளினோம்.

அமலா அக்கா வாசலுக்கு வந்தார். வேர்த்து ஊற்றும் கூட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"லாரி எங்க?"

"ரோட்டோரம் நிக்குதுக்கா. காலியா."

அண்ணனிடம் திரும்பினார். "சொந்தச் சக்கரத்துல தான் வந்துச்சா?"

"ஆமாம்மா."

"நாலும் சுத்துச்சா?"

"நாலும் சுத்துச்சு" என்றார் அண்ணன், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

அக்கா உள்ளே போய் ஒரு கூடை நண்டைக் கொண்டுவந்து தோள் கொடுத்தவர்களுக்கெல்லாம் பங்கு போட்டார், போட் கரையேறினால் மீன் பங்கு போடுவதுபோல. எனக்குப் பெரிய நண்டாகப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தார்.

"க்ளட்ச் மாத்தினதும் உங்கண்ணன் திரும்பப் போவாரு. நீயும் கூடப் போவியா மேனேஜரே?"

அண்ணன் காரின் பின்னால் நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்தார். ஐஸ் பெட்டியைத் தூக்கித் தூக்கிக் காய்த்த கையில் இன்னும் அந்தப் பனை விசிறி இருந்தது. அந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது, எரிச்சலாகவும் இருந்தது. முடியாது, என் முதுகு போச்சு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"லாரிக்கு டீசல் போட்டு வெக்கிறேன்க்கா" என்றேன்.