டிஸ்க் பிரேக்கும் நேவாவின் வலது காலும்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. நன்றாக ஓடுகிற எதையும் ஓடவிடாத இனம். "நல்லாத்தான இருக்கு" என்று நீங்கள் சொன்னால், இவர்கள் காதில் அது "இன்னும் நல்லா ஆக்கலாம்" என்றுதான் விழும். கதவு கிறீச்சிட்டால் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவது உங்களையும் என்னையும் போன்ற சாதாரணப் பிறவிகளின் வேலை. இவர்கள் கதவையே கழற்றி, நிலையைப் பெயர்த்து, சுவரில் பாதியை இடித்து, எங்கிருந்தோ புதுக் கீல் வரவழைத்து, மூன்று மாதம் வாசலில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, கடைசியில் முன்பைவிடச் சத்தமாகக் கிறீச்சிடுகிற ஒரு கதவின் பக்கத்தில் நின்றுகொண்டு "எப்படி?" என்று கேட்பார்கள். அருமை என்போம். வேறென்ன சொல்ல முடியும்? வீட்டுக்குள் போக வேண்டுமே.

இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் மேம்பாட்டுக்காரர்கள். எங்கள் ஆர்க்கன்சா மலைப்பாதையில் வளைவுக்கு ஒருவர் இருக்கிறார். கண்டுபிடிப்பது சுலபம். முற்றத்தில் ஒரு பழைய பிக்கப் வண்டி பின் சக்கரங்கள் இல்லாமல் முட்டுக்கட்டை மேல் நிற்கும். அடியிலிருந்து இரண்டு பூட்ஸ் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கால்களுக்கு மேலே இருக்கும் முகத்தை அவர் மனைவி கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் பார்ப்பாள்.

என் அக்கா மகன் வெர்லின் இந்த இனத்தின் அசல் வார்ப்பு. அவன் அப்பா விட்டுப்போன எழுபத்து நான்காம் வருஷத்து பிக்கப் அவனிடம் இருக்கிறது. பின் சக்கரங்களில் டிரம் பிரேக். வட்டச் சட்டிக்குள் இரண்டு கட்டைகள் விரிந்து பிடிக்கும், வண்டி நிற்கும், அவ்வளவுதான். அந்த பிரேக் வைக்கோல் கட்டுகளைச் சுமந்து இறங்கியது, கன்றுக்குட்டிகளைச் சுமந்து இறங்கியது, ஒரு தடவை தேவாலயத்துப் பியானோவையே சுமந்து எங்கள் செங்குத்துப் பாதையில் இறங்கியது. ஒரு நாளும் நிற்காமல் போனதில்லை. அதுதான் வெர்லினுக்குப் பொறுக்கவில்லை.

"டிரம்முல தண்ணி பட்டா பிடிக்காது சின்னம்மா. நாம ஓடையத் தாண்டி வர்றோம்ல? டிஸ்க்குன்னா அந்தக் கவலையே இல்ல."

"உங்கப்பன் நாப்பது வருஷம் அதே ஓடையத்தானடா தாண்டினான்?"

"அவருக்கு அதிர்ஷ்டம்."

நாற்பது வருஷம் விடாமல் அடிக்கிற அதிர்ஷ்டத்துக்குப் பெயர் நல்ல பிரேக் என்றேன். கேட்பானா? வீடியோவில் ஒரு தாடிக்காரன் சொல்லிவிட்டானாம், அரைநாள் வேலை என்று. இந்தத் தாடிக்காரர்களின் அரைநாள் எந்த நாட்டுக் காலண்டரில் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்து முற்றங்களில் அந்த அரைநாள் பன்னிரண்டு நாளுக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை.

இப்போது நேவாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேவா வெர்லினின் மனைவி. தர்பூசணி வளர்ப்பவள். கடையில் வாங்கிக் கையில் தூக்கி வரும் தர்பூசணி அல்ல. நான்கு ஆண்கள் போர்வையில் கிடத்தித் தூக்க வேண்டிய தர்பூசணி. ஆகஸ்ட் சந்தையில் ஒரு போட்டி நடக்கிறது, பத்து மணிக்கு எடை போடுவார்கள். வளர்த்தவரின் பெயரை மூன்று தடவை கூப்பிடுவார்கள். மூன்றாவது தடவைக்குள் அவர் தராசருகே வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். தனக்குப் பதிலாக ஆள் அனுப்பக் கூடாது.

இரண்டு வருஷமாக நேவாவின் பெயரை அடித்தார்கள். முந்தைய வருஷம் சந்தையன்று வண்டியின் இன்ஜின் கொட்டகையில் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. போன வருஷம் வெர்லின் கியர் கம்பியை மேம்படுத்தினான், வண்டி பாதி வழியில் நின்றது. அந்த மேம்பாடு இன்னும் இருக்கிறது. கியரில் போட்டு வண்டியை நிறுத்தினால் இரண்டு நிமிஷத்தில் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும்.

"இந்த வருஷம் என்ன ஆனாலும் நான் தராசுப் பக்கத்துல நிக்கணும் அத்தை," என்று என்னிடம் வந்து சொன்னாள். அன்று திங்கட்கிழமை. சந்தைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அவள் சொல்லி முடிப்பதற்குள் முற்றத்தில் சுத்தியல் சத்தம் கேட்டது.

துருவேறிய டிரம் கழல இரண்டு நாள் அடித்தான். மூன்றாம் நாள் உள்ளிருந்து ஒரு ஸ்பிரிங் பறந்து போய்க் கோழிக்கூண்டில் விழுந்தது. ஒரு வாரம் முட்டை கிடையாது. நான்காம் நாள் அச்சைத் திறந்தபோது வடிந்த எண்ணெயைப் பிடிக்க, நேவாவின் வான்கோழி வாட்டுகிற தட்டை எடுத்துக்கொண்டான். பழைய சக்கரம் புதுச் சாமானில் இடித்தது, ஆகவே வேறு சக்கரம். மேம்பாட்டுக்காரருக்கு ஒரு மேம்பாடு ஒருநாளும் போதாது. ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து "நீ மட்டும் ஏன் பழசாக இருக்கிறாய்" என்று கேட்டுவிடும்.

எல்லாம் மாட்டிய பிறகு வந்தது காற்றெடுக்கும் சடங்கு. பிரேக் குழாயில் இருக்கும் காற்றை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு ஒருவர் வண்டிக்குள் உட்கார்ந்து மிதிக்க வேண்டும், ஒருவர் அடியில் படுத்துத் திருகைத் திறக்க வேண்டும். அடியில் படுப்பவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. மிதிப்பவர் மனைவி. எங்கள் பக்கத்தில் கல்யாணத்தன்று பாதிரியார் கேட்கும் கேள்விகளில் இதையும் சேர்த்திருக்க வேண்டும்.

"மிதி!"

"மிதிச்சாச்சு."

"பிடி! விடாத! விடாதேங்கிறேன்!"

"விடலய்யா!"

"இப்ப விடு."

மூன்று நாள். பிரேக் மிதி, கஞ்சியில் கால் வைத்ததுபோல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் மாலை நேவா இறங்கிக் குனிந்து பார்த்தாள்.

"ஏன் வெர்லின், காத்து மேலதான போகும்? ஊறுகா பாட்டில்ல குமிழி மேலதான வருது. உன் திருகு கீழ பார்த்து இருக்கே?"

வலது பக்கத்துக்குரிய பிரேக் சாமானை இடப்பக்கமும், இடது பக்கத்துக்குரியதை வலப்பக்கமும் மாட்டியிருந்தான். "அதத்தான் நானும் யோசிச்சுக்கிட்டிருந்தேன்" என்று அடியிலிருந்து குரல் வந்தது. இந்த வாக்கியத்தை இந்த இனத்தின் தேசிய கீதம் என்றே சொல்லலாம்.

மாற்றி மாட்டினான். மிதி இறுகியது. வண்டி நின்றது. நன்றாகவே நின்றது, இல்லாததை நான் சொல்ல மாட்டேன். அப்போது நேவா இன்னொரு கேள்வி கேட்டாள்.

"பார்க்கிங் பிரேக் எங்க?"

பழைய டிரம்முக்குள்ளேயே அது இருந்தது. புதுச் சாமானில் இல்லை. தனியாக வாங்க வேண்டுமாம், தாடிக்காரன் சொல்லவில்லையாம்.

"அப்ப மேட்டுல நிறுத்தினா?"

"நிறுத்தறப்ப பார்த்துக்கலாம்."

அவள் ஒரு கருவேலக் கட்டையை எடுத்து வண்டிக்குள் போட்டாள், சக்கரத்துக்கு அண்டை கொடுக்க. அவன் எடுத்து வெளியே எறிந்தான். "டிஸ்க் போட்ட வண்டிக்கு வெறகுக் கட்டையா? ஊர் சிரிக்கும்!" என்றான். ஊர் சிரிக்காமல் இருக்க வேண்டும் என்பது இவர்களின் பெரிய கவலை. அதைக் குடும்பம் அழுதபடி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை. சந்தை மைதானம் சரிவான இடம். மேலே தராசு, கீழே மாடு தண்ணீர் குடிக்கும் குளம். ஒன்பதரைக்குப் போய்விட்டோம். நேவாவின் அண்ணன் டாயிலும் மூன்று பேரும் தர்பூசணியைப் போர்வையில் கிடத்தித் தராசருகே கொண்டுபோனார்கள். அதற்குள் இரண்டு பேர் வெர்லினின் புதுச் சக்கரங்களைப் பார்த்துவிட்டார்கள். அவன் குதித்து இறங்கினான்.

"நேவா, பிரேக்க மிதிச்சுப் பிடி, ஒரே நிமிஷம்."

இரண்டு பேர் ஐந்து பேர் ஆனார்கள், ஐந்து பேர் பத்து பேர் ஆனார்கள். வெர்லின் ஒரு காலைச் சக்கரத்தின் மேல் வைத்துக்கொண்டு, வண்டியை நிறுத்துவது என்ற கலையைப் பற்றி உபதேசம் செய்தான். பக்கத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தது அவன் மனைவியின் வலது கால்.

ஒலிபெருக்கி கூப்பிட்டது: "நேவா ஸ்டபிள்ஃபீல்ட்!"

"வெர்லின்! கூப்பிடறாங்க!"

"இதோ வந்துட்டேன். ஆக, சூடு ஏறினாலும் டிஸ்க்கு தளராது..."

"மச்சான், அவள விடுய்யா!" என்று மேலிருந்து டாயில் கத்தினான்.

"ஒரு நிமிஷம் டாயில், இவரு நல்ல கேள்வி ஒண்ணு கேட்டிருக்காரு."

இரண்டாம் முறை: "நேவா ஸ்டபிள்ஃபீல்ட்!"

நான் ஜன்னலருகே போனேன். என் முழங்கால் மடங்காது, ஏறி உட்கார்ந்து மிதிக்க என்னால் முடியாது. அவள் காலைப் பார்த்தேன், நடுங்கிக்கொண்டிருந்தது. மூன்று நாள் மிதித்த கால்.

"வெர்லின், நான் காலை எடுக்கப்போறேன்."

"விடாத! பிடி!" என்று திரும்பிப் பாராமல் சொன்னான்.

நேவா கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். "அத்தை, பின்னால யாரும் இருக்காங்களா?"

குளம் வரை புல்லைத் தவிர ஒன்றுமில்லை. "ஒரு கோழிகூட இல்லம்மா," என்றேன். ஏன் பொய் சொல்ல வேண்டும்? "எல்லாரும் தள்ளிப் போங்க!" என்று அவள் கத்தினாள். அது உபதேசத்தின் பகுதி என்று நினைத்துக் கூட்டம் மரியாதையாக விலகியது. அவள் கதவைத் திறந்தாள், காலை எடுத்தாள், இறங்கினாள், தராசை நோக்கி நடந்தாள். ஓடவில்லை. நடந்தாள்.

வண்டி முதலில் யோசித்தது. பிறகு அதுவும் கிளம்பியது. வெர்லின் கையை வீசிக்கொண்டு பின்னால் ஓடினான். நாட்டிலேயே மிக நவீனமான பிரேக், மிதிக்க ஆளில்லாமல், மெதுவாக, மிக மரியாதையாக, குளத்துக்குள் ஜன்னல் வரை இறங்கி நின்றது.

மேலே மூன்றாம் முறை கூப்பிட்டார்கள். "இங்க இருக்கேன்," என்றாள் நேவா. நூற்றெழுபத்தொரு பவுண்டு. இரண்டாம் பரிசு, சிவப்பு ரிப்பன். முதல் பரிசுக்காரரைவிட அதிக நேரம் அவளுக்குத்தான் கை தட்டினார்கள்.

வெர்லின் இடுப்பளவு நீரில் நின்று வண்டியைப் பார்த்தான். பிறகு கரையில் நின்றவர்களைப் பார்த்து என்ன சொன்னான் தெரியுமா?

"கவனிச்சீங்களா? இதே டிரம்மா இருந்தா தண்ணி பட்டுப் பாழாப் போயிருக்கும்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் பழைய பிக்கப் இல்லை, எண்ணெய்க் கறை படிந்த பூட்ஸ் இல்லை, ஆகவே இது யாரோ வெர்லினின் கதை என்று நினைக்கிறீர்கள். நல்லது. ஆனாலும் அடுத்த முறை நாலு பேர் நடுவில் நின்று, நீங்கள் மாற்றியமைத்த ஏதோ ஒன்றின் பெருமையை விளக்கும்போது, ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தி உள்ளே எட்டிப் பாருங்கள். பிரேக்கின் மேல் யாருடைய கால் இருக்கிறது? மேலே எங்கேயோ அவர் பெயரைக் கூப்பிடுகிறார்களா? அது எத்தனையாவது தடவை?