கேமரா தேர்வுக் குழுவும் மப்ரூக்காவின் உருளைக்கிழங்கும்

காட்டுப்பன்றியைச் சட்டப்படி சுடுவதற்கு முன்னால் அதைச் சட்டப்படி படம் பிடிக்க வேண்டும். துனீசியாவின் வடமேற்கு மலையில், எங்கள் ஐன் பல்லூத்தில், இது சின்னக் குழந்தைக்கும் தெரிந்த நியாயம். வேட்டைப் பருவம் அக்டோபரில்தான் தொடங்குகிறது. பன்றிகளுக்கு யாரும் தகவல் அனுப்பாததால் அவை மே மாதமே உருளைக்கிழங்கு வயலில் இறங்கிவிடுகின்றன. பருவம் தவறி விரட்டு வேட்டை நடத்த வன அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். மனுவோடு சேதம் செய்த விலங்கின் புகைப்படத்தையும் இணைக்க வேண்டும்.

நான் ஐன் பல்லூத் வேட்டைக்காரர் சங்கத்தின் செயலாளர். பத்தொன்பது வருடமாகப் பொறுப்பில் இருக்கிறேன். இன்றுவரை ஒரு முயலைக்கூட நான் சுட்டதில்லை. என் நேர்மைக்கு இதையே சான்றாகச் சொல்வார்கள்.

மப்ரூக்கா வந்தபோது நான் கஃபேயில் பைன் கொட்டை போட்ட தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். புருஷனை இழந்தவள். காட்டை ஒட்டி அரை ஹெக்டேர் உருளைக்கிழங்கு, அதுதான் அவளுக்கு எல்லாம். குளிர்காலச் சாப்பாடும் அடுத்த விதைப்புக்கான விதையும் அந்த மண்ணுக்குள்தான் இருந்தன. தன் போனை எடுத்துக் காட்டினாள். வாயில் ஒரு கிழங்கோடு பன்றி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. அடையாள அட்டைக்கு எடுத்த என் படம்கூட அவ்வளவு தெளிவாக இல்லை. அவளை அழைத்துக்கொண்டு நான் வன அலுவலகத்துக்குப் போனேன்.

வன அதிகாரி ஸி ஹம்மாதி கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தார். எங்கள் பக்கம் மரியாதைக்கு ஆணை 'ஸி' என்போம், பெண்ணை 'லல்லா' என்போம்.

"லல்லா, படம் பிரமாதம். ஆனா செல்லாது."

"ஏன், அது பன்னி இல்லையா?"

"பன்னிதான். ஆனா போன்ல எடுத்திருக்கீங்களே. போன் பேசறதுக்கு இருக்கு. சுற்றறிக்கையில 'வேட்டைக்கும் வெளிப்புறப் படப்பிடிப்புக்கும் உகந்த டிஜிட்டல் கேமரா'ன்னு தெளிவாப் போட்டிருக்கு."

"இந்த வித்தியாசமெல்லாம் பன்னிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அது ஏன் பன்னியா இருக்கு? வனத்துறையில சேந்திருக்குமே."

ஆகவே சங்கம் ஒரு கேமரா வாங்குவதென்று தீர்மானித்தது. தேர்வுக் குழுவில் என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். கஃபேயின் பெரிய மேசைக்குப் பதினொரு நாற்காலிதான் உண்டு. அரசுத் தரப்புப் பார்வையாளராக ஸி ஹம்மாதி தன் நாற்காலியை அலுவலகத்திலிருந்து கொண்டுவந்தார்.

அந்தக் காலத்தில் துப்பாக்கியின் குழாயைப் பார்த்து ஆளை மதிப்பார்கள். இப்போது கழுத்தில் என்ன தொங்குகிறது என்று பார்க்கிறார்கள். கடற்கரைப் பக்கத்து வேட்டைக்காரர்கள் முழங்கை நீள லென்சை மாட்டிக்கொண்டு துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். அவர்கள் காட்டுக்குப் போவது பேஸ்புக்குக்குத்தான். அதைப் பார்த்து எங்கள் ஆட்களுக்கு வயிறு எரிந்தது உண்மை. எனக்கும்தான்.

முதல் கூட்டத்தில் தலைவர் ஸி லஸ்ஹர் பேசினார். சுங்கத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"நமக்குத் தூரம் முக்கியம். பன்னி அல்ஜீரியா எல்லைக்கு அந்தப் பக்கம் நின்னாலும் அதோட மூக்குமுடி தெரியணும்."

"அந்தப் பக்கத்துப் பன்னி நம்ம அதிகாரத்துக்குள்ள வராதே, ஸி லஸ்ஹர்" என்றார் ஸி ஹம்மாதி.

"படம் எடுத்ததுக்கு அப்புறம் இந்தப் பக்கம் வந்துட்டா?"

இது ஆழமான கேள்வி என்பதால் துணைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது.

இரண்டாவது கூட்டம் மெகாபிக்சல் பற்றியது. இருபது போதும் என்று நான் சொன்னேன்.

"இருபதா? என் மச்சான் பூனையையே இருபத்து நாலுல எடுத்தான். பன்னி பூனையைவிடச் சின்னதா?" என்று மருந்துக்கடை ஜல்லூல் எகிறினார். எடைக்கு ஏற்பப் பிக்சல் என்று முடிவானது. அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் பன்றிக்கு ஐந்நூறு வேண்டும். உலகத்தில் இன்னும் அப்படி ஒரு கேமரா வரவில்லை என்று மூன்று கடைகளில் எழுத்துமூலம் வாங்கிக் கோப்பில் வைத்தோம்.

மூன்றாவது கூட்டத்தில், தோல் நிறத்தை நன்றாகக் காட்டுகிற கேமராதான் வேண்டும் என்றார் ஜல்லூல்.

"பன்னித் தோலுக்கு நிறம் எதுக்கு?" என்றேன்.

"பன்னி பக்கத்துல யாரு நிக்கப்போறா?"

பன்னிரண்டு கைகள் பன்னிரண்டு மீசைகளைத் தடவின.

சந்தை நாளான வியாழக்கிழமைதோறும் மப்ரூக்கா வந்து மேசை ஓரமாக நின்றாள். அவளுக்கு நாற்காலி கிடையாது.

"நேத்து ஆறு பாத்தி போச்சு."

"கொஞ்சம் பொறுங்க லல்லா. அவசரத்துல வாங்கின கேமராவால உருப்பட்டவன் யாரு?" என்றார் ஸி லஸ்ஹர்.

"நீங்க பொறுக்கச் சொல்றது எனக்குப் புரியுது. பன்னிகிட்ட யாராவது சொல்லுங்க."

'பயனாளர் திட்டத்தில் மிகுந்த ஆர்வம் காட்டினார்' என்று நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

ஏழாவது கூட்டத்தில் வழி பிறந்தது. கேமரா பன்றியின் கண்ணில் படக்கூடாது. ஆகவே உடம்பெல்லாம் இலையும் பட்டையும் வரைந்த, காட்டோடு காடாகக் கலந்துபோகும் ஒன்றை வாங்கினோம். முதல் நாளே ஸி லஸ்ஹர் அதைக் கார்க் ஓக் மரத்தடியில் வைத்துவிட்டு, ஹரிஸா மிளகாய் விழுது தடவிய ரொட்டியைப் பிரித்தார். தின்று முடித்துத் திரும்பினால் கேமராவைக் காணோம்.

யாரும் எடுக்கவில்லை. அது அங்கேதான் இருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை. வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று யாரிடமும் சொல்லாமல், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பதினொரு பேரும் தவழ்ந்து தேடினோம். ஒன்பதாம் நாளும் கிடைக்காததால், எங்கள் தேர்வு மிகச் சரியானது என்று குழு ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது.

பத்தாம் நாள் மப்ரூக்கா அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"எங்க கெடச்சுது?"

"மரத்தடியில. முத நாளே பாத்தேன், அதோட செவப்புக் கயிறு தொங்குச்சே. நீங்க எல்லாரும் முட்டி போட்டுக்கிட்டு இருந்தீங்க. ஏதோ வேண்டுதல்னு நெனச்சுத் தொந்தரவு பண்ணல."

அப்போது அவளிடம் மிஞ்சியிருந்தது இரண்டு பாத்தி. அவ்வளவும் விதைக்கிழங்கு. அதையாவது தோண்டி எடுத்து வைக்கலாம் என்று கேட்டாள். ஸி ஹம்மாதி பதறிப்போனார்.

"சேதம் நடக்கிற இடத்தைக் கலைக்கக் கூடாது லல்லா! அப்புறம் படத்துல பன்னி எதைத் தின்னும்?"

மறுநாள் மாலை, வெயில் சாய்வதற்கு முன், பன்னிரண்டு பேரும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வயலுக்குப் போனோம். பன்றி வந்தது. எங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. இவர்களால் ஆபத்தில்லை என்று கண்டுகொண்டு தோண்ட ஆரம்பித்தது.

"எல்லாரும் இந்தப் பக்கம் திரும்புங்க!" என்று ஜல்லூல் கத்தினார்.

பன்றிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றோம். கேமராவை யார் பிடிப்பது என்று கேள்வி வந்தது. பிடிக்கிறவன் படத்தில் வரமாட்டான் என்பதால் யாரும் முன்வரவில்லை. கடைசியில் மப்ரூக்கா கையில் கொடுத்தோம்.

"லல்லா, எனக்கு இடது பக்கம்தான் எடுப்பா இருக்கும்."

"பன்னி தின்னுக்கிட்டிருக்கு, ஸி லஸ்ஹர்."

"தின்னட்டும். அப்பதான் அசையாம நிக்கும்."

நாற்பத்து மூன்று படம் எடுத்தாள். ஒன்றில் எனக்குக் கண் மூடியிருந்தது, இன்னொன்றில் ஸி ஹம்மாதிக்கு இரட்டைத் தாடை விழுந்திருந்தது. நாற்பத்து மூன்றாவது படம் எல்லோருக்கும் பிடித்தது. நாங்கள் திரும்பிப் பார்த்தபோது பன்றி போய்விட்டிருந்தது. மப்ரூக்கா கேமராவைக் கீழே வைத்துவிட்டு, வெறும் மண்ணைக் கையால் கிளறிக்கொண்டிருந்தாள். ஒரு கிழங்கும் அகப்படவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படியிருந்தும் என் பிரதி எப்போது கிடைக்கும் என்று கேட்டேன்.

படத்தைப் பெரிதாக அச்சிட்டு மனுவோடு இணைத்தோம். ஸி ஹம்மாதி அதைத் தூக்கிப் பிடித்து, தன் தாடையை ரொம்ப நேரம் ரசித்தார். பிறகு படிவத்தை எடுத்து, விதிப்படி உரக்க வாசித்தார்.

"பாதிக்கப்பட்டவர், இப்படத்தில் காணப்படுவோருள் தன் வயலை அழித்தவரை விரல் வைத்துக் காட்டவும். எழுத்தர் அந்தத் தலையைச் சிவப்பு மையால் வட்டமிடவும். இட்ட வட்டத்தை எவரும் அழிக்கலாகாது."

மப்ரூக்கா முதலில் ஸி லஸ்ஹர்மேல் விரலை வைத்தாள். எழுத்தர் கடமையில் கறாரானவர். வட்டம் போட்டார். அடுத்து ஜல்லூல். பிறகு நான். விரல் நிதானமாக வரிசை முழுக்க நகர்ந்து ஸி ஹம்மாதியின் தாடையில் வந்து நின்றது. பன்னிரண்டு வட்டம்.

"லல்லா! பன்னியை விட்டுட்டீங்களே!"

"அது பசிச்சுத் தின்னுச்சு."

"இது தப்பு, மாத்திச் சொல்லுங்க!"

"அழிக்கக் கூடாதுன்னு நீங்கதான படிச்சீங்க?"

ஸி ஹம்மாதி கையெழுத்துப் போட்டார். விதியில் வேறு வழியில்லை. இருபது நாளில் மாகாணத் தலைமையகத்திலிருந்து அனுமதி வந்தது. இதுவரை வந்த அனுமதிகளிலேயே இவ்வளவு சீக்கிரம் வந்தது இதுதான். 'இணைப்பில் வட்டமிடப்பட்டுள்ள, பயிருக்குக் கேடு விளைவிக்கும் பன்னிரண்டு விலங்குகளை வரும் ஞாயிறன்று விரட்டி அப்புறப்படுத்த இதனால் அனுமதிக்கப்படுகிறது.' முத்திரை சரியான இடத்தில் இருந்தது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

உயிருக்குப் பயமில்லை என்று ஸி லஸ்ஹர் எங்களுக்குத் தைரியம் சொன்னார். சட்டப்படி சுடும் உரிமை சங்கத்து உறுப்பினர்களுக்கு மட்டும்தான், அதாவது எங்களுக்குத்தான். தடியும் தகரமும் தட்டி விரட்டுகிற வேலை மட்டும் ஊராருடையது.

விரட்டுக்கு ஆள் கிடைப்பது எங்கள் ஊரில் குதிரைக்கொம்பு. நாலு பேரைச் சேர்க்க நான் வீடு வீடாகப் போய்க் கெஞ்சுவேன், கூலியும் மதியச் சாப்பாடும் பேசுவேன், அப்படியும் இரண்டு பேர் முதுகுவலி என்று படுத்துவிடுவார்கள். இன்று ஞாயிறு. விடிந்ததிலிருந்து கஃபே சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊரே தடியும் தகரமுமாக வந்து நிற்கிறது. நான் யாரையும் கூப்பிடவில்லை. கூலி எவ்வளவு என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை.