வினாகிரி விஷயமாக மருமகனுக்கு

புத்தளம்,
நோன்பு 19
(2023 ஏப்ரல் 11)

அன்பும் மதிப்பும் உள்ள மருமகன் இனாஸுக்கு, மாமி சுல்பா எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். இவ்விடம் எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் நோன்பு பிடித்துக்கொண்டு பொய் எழுதக் கூடாது. நீங்கள் கரைத்தீவுக்கு உங்கள் உம்மா வீட்டுக்குப் போன நாளிலிருந்து உங்கள் மனைவி என்னோடு கதைக்கவில்லை. தேவையானதைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். நேற்றுத்தான் கதைத்தாள், கதைக்காமலே இருந்திருக்கலாம். நான்கு வருடங்களாக ஒரே வீட்டில் இருந்தும் நீங்களும் நானும் என் மகள் ஃபாஹிமாவை நடுவில் வைத்துத்தான் கதைத்தோம். மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. இப்போது நடுவில் நிற்க அவள் சம்மதிக்காதபடியால் கடிதம் எழுதுகிறேன். கையெழுத்து கோணியிருந்தால் அது வயது. வேறு காரணம் என்று நினைக்க வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். கன்னியர் மடத்துப் பாடசாலையில் எனக்கு மனையியல் படிப்பித்த சிஸ்டர் டொறத்தி, பழச்சாற்றைப் புளிக்க வைத்து எடுக்கும் வினாகிரியில் எந்தப் பழத்தினுடையதை எதனோடு சேர்ப்பது என்பதை ஒரு தவணை முழுக்கப் படிப்பித்தார். அன்னாசி வினாகிரிக்குக் கணவாயும் வெள்ளரிக்காயும், மாம்பழ வினாகிரிக்கு இறாலும் பச்சைமிளகாயும், துவர்ப்புள்ள கஜுப்பழ, அதாவது முந்திரிப்பழ வினாகிரிக்கு மாட்டிறைச்சி அல்லது இனிப்பான ஏதாவது ஒன்று. ஊற்றிய கறியில் வினாகிரி தெரியக் கூடாது, ஊற்றாத கறியில்தான் அது இல்லையென்று தெரிய வேண்டும் என்பார். அந்தப் பாடத்தில் நான் முதலாவதாக வந்ததற்கு அவர் தந்த பரிசுதான் நீங்கள் உடைத்த கண்ணாடிக் கிண்ணம். கிண்ணத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒன்றும் எழுதுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். எழுதிவிட்டேன். வெட்டினால் தாள் அசிங்கமாகிவிடும், இருக்கட்டும்.

பழச்சாறு ஒரேயடியாக வினாகிரியாகிவிடாது என்பது உங்களுக்கும் தெரியும். நடுவில் சில கிழமைகள் அது நம் வீட்டில் இருக்கக் கூடாத ஒன்றாக இருக்கும். அதைத் தாண்டித் தானாகவே புளித்து மாறிய பிறகுதான் நமக்கு ஆகும். எப்போது தாண்டியது என்பதை மூக்குத்தான் சொல்ல வேண்டும். நோன்புக் காலத்தில் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று மார்க்கம் சலுகை தருகிறது. நான் அந்தச் சலுகையை ஒருநாளும் எடுத்தவள் இல்லை. எனக்கு என் மூக்குப் போதும் என்று சொந்தக்காரர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அந்த மூக்கு, இரண்டு வருடத்துக்கு முன் வீட்டோடு எல்லோருக்கும் வந்த காய்ச்சலோடு போய்விட்டது, மகன். கோப்பியும் கருவாடும் ஊதுபத்தியும் எனக்கு ஒன்றுதான். திரும்பி வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நோன்பன்று என் மதினி ஹவ்வா உம்மா ஆட்களோடு நோன்பு திறக்க வந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்க, ஐந்து கிழமைக்கு முன் போட்ட கஜுப்பழப் போத்தலைத் திறந்து மூன்று தரம் மணந்தேன். எனக்குப் பச்சைத்தண்ணீரை மணந்ததுபோல் இருந்தது. "மாறிட்டு. அருமையா மாறிட்டு" என்று சொல்லி, சின்ன வெங்காயமும் பேரீச்சம்பழமும் அரைத்த கடுகும் போட்ட அச்சாறில் ஊற்றினேன். அந்த நேரம் நீங்கள் உப்பளத்து வேலை முடிந்து வந்து குசினி வாசலில் நின்றீர்கள். "ஃபாஹிமா, இது இன்னும் மாறல்ல. மாமிக்கிட்ட சொல்லுங்க, வைக்க வேணாமெண்டு" என்று நீங்கள் மெதுவாகச் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. உங்களுக்கும் கேட்கட்டும் என்று, "உப்புப் பாக்கிறவர உப்பப் பாக்கச் சொல்லு புள்ள" என்றேன். மதினி சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. பாங்கு சொல்ல ஐந்து நிமிடம் இருக்க, எல்லோரும் பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்த பிறகு, அச்சாறுக் கிண்ணத்தை நீங்களே தூக்கி வந்தீர்கள். பாய் விளிம்பில் கால் தடுக்கியது. அச்சாறு நிலத்தில், கிண்ணம் எண்ண முடியாத துண்டுகளில். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "முகாமில வளந்தவருக்குக் கண்ணாடியும் தெரியாது, வினாகிரியும் தெரியாது. ஒரே சட்டியில எல்லாத்தையும் கொட்டி ஆக்கித் திண்ட ஆக்களுக்கு எதுக்கு எது சேருமெண்டு எங்க தெரியப் போகுது?" ஃபாஹிமாவைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. நான்கு வருடத்தில் உங்கள் முகத்தைப் பார்த்து நான் நேரே சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

நீங்கள் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினீர்கள், ஒரு பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்தீர்கள், மறுநாள் உம்மாவுக்குச் சுகமில்லை என்று சொல்லிப் போனீர்கள். உம்மா நல்ல சுகத்தோடு சந்தையில் கத்தரிக்காய்க்கு விலை பேசியதை மூன்று பேர் வந்து எனக்குச் சொன்னார்கள்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் எழுதிப் பயனில்லை. தொண்ணூறாம் ஆண்டு நீங்கள் எல்லோரும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து இறங்கிய முதல் கிழமை, அந்த முகாமுக்குச் சட்டி போனது எங்கள் வீட்டிலிருந்து. உங்கள் மாமா, அல்லாஹ் அவருக்கு சுவர்க்கத்தைக் கொடுப்பானாக, தோட்டத்து வண்டியில் அனுப்பினார். அரிசி, பருப்பு, பூசணிக்காய், கருவாடு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி ஆக்கியது நான்தான். அவசரத்தில் உப்பும் குறைவு. நீங்கள் அப்போது இரண்டு வயதுப் பிள்ளை. நான் ஆக்கியதைத் தின்றதற்குத்தான் முப்பத்துமூன்று வருடம் கழித்து நானே உங்களைக் குறை சொல்லியிருக்கிறேன்.

இனி நேற்று நடந்தது. நமக்கு மீன் கொண்டுவரும் பஸ்தியானுக்கு, உயிர்த்த ஞாயிற்றுச் சமையலுக்கென்று அந்தக் கஜுப்பழ வினாகிரியின் மிச்சம் முழுவதையும் கொடுத்திருந்தேன். இறைச்சிக்கு ஊற்றச் சொன்னேன், என்ன இறைச்சி என்று கேட்கவில்லை. நேற்றுக் காலையில் வெறும் போத்தலோடு வந்து நின்றார். "அம்மா, உங்கட வினாகிரி சட்டி வரைக்கும் போகல்ல. நானும் மச்சினனும் அப்பிடியே முடிச்சிட்டம். ரெண்டாவது கிளாசில அவன் பாட்டு எடுத்திட்டான். இன்னொரு போத்தல் இரிக்கா?" "அது வினாகிரி, பஸ்தியான்" என்றேன். "ஓம் அம்மா ஓம், கேட்டா நாங்களும் அப்பிடித்தான் சொல்லுவம்" என்று கண்ணைச் சிமிட்டினார். எழுபத்தாறு வயதில், நோன்பு வாயோடு, வாசலில் நின்று ஒரு மீன்காரர் எனக்குக் கண் சிமிட்டினார்!

திரும்பினால் குசினி வாசலில் ஃபாஹிமா. "பாய் தடுக்கல்ல உம்மா. அவர் வேணுமெண்டுதான் போட்டார். ஹவ்வா மாமியாக்கள் வாயில வைக்க முதல்ல." நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் நிறுத்தவில்லை. "உங்களுக்கு மணம் தெரியாதெண்டு ரெண்டு வருசமா எங்களுக்குத் தெரியும். பால் அடிப்பிடிச்ச மணம் தெரு முனை வரைக்கும் போய்ச்சு, நீங்க அடுப்புக்குப் பக்கத்தில இருந்து தஸ்பீஹ் ஓதினீங்க. மாமிக்கிட்ட காட்டிக்காதீங்க, அவங்க தாங்க மாட்டாங்க எண்டு அவர்தான் சொன்னார்." போன ஹஜ்ஜுப் பெருநாளில் மதினி மூன்று தரம் வாங்கித் தின்ற அச்சாறில், நான் லுஹர் தொழப் போன நேரம் நீங்கள் தட்டிப் போட்ட பனங்கட்டி இருந்ததாம். கஜுப்பழத்தின் துவர்ப்பைப் பேரீச்சம்பழம் மூடும், பனங்கட்டி கூட்டிக்கொண்டு போகும் என்றீர்களாம். அந்தப் புகழை நான் வாங்கி வைத்திருக்கிறேன். சிஸ்டர் டொறத்தியின் பாடக் கொப்பியில் அறுபது வருடமாக ஓர் எழுத்தும் மாற்றாதவள், இன்று காலையில் கஜுப்பழத்துக்கு எதிரே "பனங்கட்டி" என்று சேர்த்து, பக்கத்தில் "இனாஸ்" என்று எழுதியிருக்கிறேன். பேரீச்சம்பழத்தை வெட்டவில்லை. அதுவும் தப்பில்லை.

ஆகவே, மகன், பெருநாளுக்கு முன் வீட்டுக்கு வாருங்கள். வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தால் நல்லது, தெருவில் ஆள் குறைவு. மதினிக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். பாய் தடுக்கியது தடுக்கியதாகவே இருக்கட்டும், என் மூக்கு விஷயம் நம் மூவருக்குள் இருக்கட்டும். நான் மன்னிப்புக் கேட்டது எழுத்தில் கிடக்க வேண்டாம், வாசித்தவுடன் கிழித்துவிடுங்கள். வந்த பிறகு பழையபடி ஃபாஹிமாவை நடுவில் வைத்துக் கதைத்துக்கொள்ளலாம்.

உங்கள் உம்மாவுக்கு என் சலாம். உங்கள் நோன்பை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக, என் வாயை மன்னிப்பானாக.

இப்படிக்கு,
மாமி சுல்பா

பிற்குறிப்பு: மேலே உள்ள ஏற்பாடுகளை விட்டுவிடுங்கள். உறையை ஒட்டப் போன நேரம் மதினி வந்து, "அந்த முகாம்காரப் பொடியன் இன்னும் வரல்லியா?" என்று கேட்டார். "பொடியனில்ல, என்ட மருமகன்" என்று தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை. போத்தல், பாய், பனங்கட்டி, மூக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். மதினி தின்னாத அச்சாறுக்கு இன்னும் பாவமன்னிப்புக் கேட்டுத் தௌபாச் செய்துகொண்டிருக்கிறார். நாளை மஃரிப் தொழுகைக்குள் கற்பிட்டி வரைக்கும் தெரிந்துவிடும். ஆகவே கடிதத்தைக் கிழிக்கத் தேவையில்லை. வியாழக்கிழமை நீங்கள் வரவும் தேவையில்லை. நாளைக்கு நானே ஓட்டோவில் கரைத்தீவுக்கு வருகிறேன். உங்கள் உம்மாவின் வாசலை இதுவரை மிதிக்காதவள் என்பதால், இந்தக் கடிதத்தை முதலில் உங்கள் கையில் தருவேன். நீங்கள் வாசித்து முடிக்கும் வரை ஓட்டோவை விட்டு இறங்க மாட்டேன். நோன்பு திறக்க உம்மா ஒரே சட்டியில் என்ன ஆக்கினாலும் எனக்கும் ஒரு கோப்பை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மடியில் ஓர் அன்னாசிப் போத்தல் இருக்கும். மூன்று மாதமாகிறது, மாறிவிட்டதா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் திறந்து மணந்து பார்த்துச் சொல்ல வேண்டும். ஃபாஹிமாவிடம் சொல்ல வேண்டாம். என்னிடமே சொல்லுங்கள்.