தோற்றுப்போய் மைசூர்பாகு கொடுத்தவர்

தன் மேலேயே வழக்குப் போடச் சொல்லி வாடிக்கையாளரிடம் கெஞ்சிய கடைக்காரர் இந்தப் பூமியில் ஒரே ஒருத்தர்தான் இருந்திருக்க முடியும். அவர் கோயம்புத்தூர்க்காரர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

தொண்ணூறுகளில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, ஆர்.எஸ்.புரத்தை ஒட்டிய ஒரு தெருவில் மாடி அறையில் குடியிருந்தேன். கீழே அவருடைய கிரைண்டர் கடை. அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது. தெருவுக்கு அவர் ‘ரிட்டர்ன் கவுண்டர்’. கொங்கு நாட்டில் கவுண்டர்களுக்குப் பஞ்சமில்லை. விற்றதை முகம் கோணாமல் திரும்ப வாங்கிக்கொள்கிற கவுண்டர் இவர்தான்.

கிரைண்டர் சத்தம் போடுகிறது என்றால் வாங்கிக்கொள்வார். சத்தமே வரவில்லை, ஓடுகிறதா என்று சந்தேகமாக இருக்கிறது என்றாலும் வாங்கிக்கொள்வார். யாரோ ஒருவர் வேறு கடையில் வாங்கிய ஓட்டைக் குடையை இவரிடம் கொண்டுவந்தார். “நான் குடை விக்கறதில்லீங்களே” என்றார். அப்புறம் அந்தக் குடையை எடுத்துக்கொண்டு போய், குடைக் கடைக்காரரோடு மல்லுக்கு நின்று, வேறு குடை வாங்கிக்கொண்டு வந்தார். சினிமாவுக்குப் போனால் இடைவேளையில் மேனேஜரைத் தேடுவார். “போஸ்டர்ல சிரிப்புப் படம்னு போட்டிருக்குதுங்க. இந்நேரம் வரைக்கும் ஒருத்தரும் சிரிக்கலீங்களே?”

மகள் கல்யாணத்தில் அவர் செய்ததை இன்னமும் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. மகளைக் காரில் ஏற்றும்போது எல்லா அப்பாக்களும் அழுவார்கள். இவர் மாப்பிள்ளை வீட்டார் காதில் விழும்படி, “கண்ணு, சரிப்பட்டு வரலீன்னா திரும்பி வந்துரு. நம்ம கடை திறந்துதான் இருக்கும்” என்றார். மேளக்காரர்கூட ஒரு கணம் கையை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை மட்டும் அன்று முதல் தங்கக் கம்பி.

இப்படிப்பட்டவர் வியாபாரிகள் சங்கத்தில் எப்படிக் குப்பை கொட்டினார் என்பதே ஆச்சரியம். கோவை, பவானி, சத்தியமங்கலம், அந்தப் பக்கம் பாலக்காடு வரைக்கும் கிரைண்டர் கடைக்காரர்கள் சேர்ந்த சங்கம் அது. அதில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது: உறுப்பினர் கடை எதில் வாங்கினாலும், எந்த ஊர் உறுப்பினர் கடையிலும் இலவசமாகப் பழுது பார்த்துத் தருவார்கள். ஒரு நாள் கூட்டத்தில் சங்கத் தலைவர் புதிய விதி கொண்டுவந்தார். இனி எல்லாக் கடை பில்லிலும் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சடிக்க வேண்டும்.

கவுண்டர் எழுந்தார். “ஏனுங்க தலைவரே, அப்ப என்னோட பேரு என்னாகறதுங்க?”

சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சங்கத்தை விட்டே விலகிவிட்டார்.

ஆட்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ‘சங்கத்தில் இல்லாதவரிடம் வாங்கினால் கேட்க நாதியில்லை. கேரண்டியும் கிடையாது, சட்டமும் கிடையாது’ என்று ஊரெல்லாம் பேச்சு பரவியது. கடை வெறிச்சோடியது. சாயங்காலம் வரை கிரைண்டர்களைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அவர் முகம் அப்படி வாடி நான் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் சத்தியமங்கலத்தில் மெஸ் நடத்தும் ஒரு அம்மா, பஸ்ஸில் இருந்து இறங்கிய வேகத்தில் வந்து நின்றார். கவுண்டரிடம் அவர் வாங்கிய கிரைண்டர் குலுங்கிக் குலுங்கி மாவையெல்லாம் சுவரில் அடிக்கிறதாம். உள்ளூர்ச் சங்கக் கடையில், ‘அவர் இப்ப எங்க ஆள் இல்லை’ என்று கையை விரித்துவிட்டார்கள்.

“வேற மெஷின் குடுங்க” என்றார்.

கவுண்டர் முகத்தில் வெளிச்சம் வந்தது. “கேஸ் போடுங்க அம்மணி.”

“என்னதுங்க?”

“என்ற மேல கேஸ் போடுங்க. நான் இப்பவே மாத்திக் குடுத்துப்போட்டா, ‘நல்ல மனுசன் குடுத்தான்’னு போயிருமுங்க. சட்டம் இருக்குதுன்னு ஊருக்கு எப்படித் தெரியறது?”

“நாளைக்குக் காலையில இட்லிக்கு மாவு ஆட்டோணுமுங்க! நான் கோர்ட்டுக்குப் போறதா, அடுப்படிக்குப் போறதா?”

கவுண்டர் நேராக வீட்டுக்குள் போய், தன் வீட்டு கிரைண்டரையே தூக்கிவந்து ஆட்டோவில் ஏற்றினார். வழக்கு முடியும்வரை அவர் வீட்டில் உப்புமாதான். கவுண்டரம்மா என்னிடம், “கேஸ்ல அவுரு ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி, ரவை தீந்து போச்சுங்க தம்பி” என்றார்.

நுகர்வோர் கோர்ட்டில் விசாரணை நாளன்று நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். சங்கத்துக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

“எதிர்மனுதாரர் என்ன சொல்றீங்க?” என்றார் நீதிபதி.

“அம்மணி சொல்றது அத்தனையும் நெசமுங்க.”

“அப்புறம் ஏன் மாத்திக் கொடுக்கலை?”

“நீங்க சொல்லோணும்னு காத்துட்டிருந்தனுங்க.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டார். கோர்ட் ஒன்றும் கடை விளம்பரப் பலகை இல்லை என்று நல்ல டோஸ் கொடுத்தார். கவுண்டர் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் நீதிபதி நிதானமாகச் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. விற்றவரின் பொறுப்பு சங்கம் கொடுத்தது இல்லை, நாட்டின் சட்டம் கொடுத்தது. சங்கத்தில் சேர்ந்தாலும் விலகினாலும் அது அப்படியேதான் நிற்கும். பில்லில் ஒரு வரி அச்சடித்தால் வாங்கியவரின் உரிமை போய்விடாது. ஆனால் வெளியூர்க் கடையில் பழுது பார்ப்பது சங்கத்துக்குள் செய்துகொண்ட ஏற்பாடு; விலகியவர் அதைக் கேட்க முடியாது. புதிய கிரைண்டர் கொடுக்க வேண்டும், அந்த அம்மாவின் செலவையும் ஏற்க வேண்டும் என்று தீர்ப்பு.

கவுண்டர் தோற்றுப்போனார். தோற்றவர் வாசலில் நின்று எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். சங்கத் தலைவருக்கு இரண்டு துண்டு. “சட்டம் இருக்குதுங்க, எடுத்துக்குங்க!”

தீர்ப்பின் மற்றப் பாதியையும் அவர் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பேனர் பையோடு சத்தியமங்கலத்துக்கும் பவானிக்கும் பஸ் ஏறினார். பாலக்காட்டுக்குப் போனால் மலையாளம் தெரியாமல், கிரைண்டர் போடும் சத்தத்தைத் தானே வாயால் போட்டுக் காட்டி, ‘இப்படியா, அப்படியா?’ என்று கேட்பாராம். விலகியதன் விலை அது. முனகாமல் கொடுத்தார். கடையில் கூட்டம் திரும்பியது. கொஞ்ச நாளில் சங்கத்து பில்களில் இருந்து அந்த வரி சத்தமில்லாமல் காணாமல் போனது. தலைவரே நேரில் வந்து கூப்பிட்டார். “வாரேனுங்க” என்றார், போகவேயில்லை.

வெளியூரில் எங்காவது ஏமாந்துவிட்டு, ‘என்ன செய்ய முடியும்’ என்று யாராவது உட்கார்ந்திருந்தால், நான் இந்தக் கதையை ஆரம்பித்துவிடுகிறேன். அவர் எனக்கு உறவில்லை, ஒரே ஊர்கூட இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் வாயில் ‘எங்க கவுண்டர்’ என்றுதான் வருகிறது.